மணல் முதல் திரை வரை

சங்கச் செயலாளர் போனில் அழைத்து, "இந்த வருஷ மலருக்கு ஒரு கட்டுரை தாரும். ஹாஸ்டல் நினைவு, கேன்டீன் நினைவு எல்லாம் நிறைய வந்தாச்சு. வேற ஏதாவது பிரயோஜனமா எழுதும்" என்றார். நான் எழுத்தாளன் அல்லன். நம் கல்லூரியில் மின்பொறியியல் படித்துவிட்டு, இன்று திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இரண்டு ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது. அது தொடக்கப் பள்ளியைப் பற்றியது. நம் சங்கம் இவ்வாண்டு மாவட்டத்திலுள்ள சில தொடக்கப் பள்ளிகளுக்கு உதவி செய்யத் திட்டமிட்டிருப்பதால், அதை இந்த மலரிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் கொடுத்த பலகை

என் ஊர் பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில் ஒன்று. அங்குள்ள தொடக்கப் பள்ளியில்தான் நான் சிலேட்டும் குச்சியுமாக ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது அங்கே நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒன்பது பேர் சேர்ந்து பணம் போட்டு, அந்தப் பள்ளிக்குத் தொடுதிரைப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். எழுபத்தைந்து அங்குலத் திரை. ரிப்பன் வெட்டினோம், லட்டு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம்.

பலகையை மாட்ட வேண்டிய சுவரோரம் ஒரு பழைய மர அலமாரி நின்றது. உள்ளே பார்த்தால் புளியங்கொட்டை, சிப்பி, மஞ்சாடிக்கொட்டை, கயிற்றில் கோத்த மணிகள், ஓரம் கிழிந்த அட்டைகள். தலைமையாசிரியை, "சார், இதை எங்க வைக்க?" என்று கேட்டார். "பழசுதானே டீச்சர், எடுத்துருங்க. எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு" என்று திரையைக் காட்டிச் சொன்னது நான்தான். அலமாரி அன்றே போயிற்று.

ஐப்பசியில் இடி இறங்கியது. நம் மாவட்டத்து ஐப்பசி இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகையின் உள்பாகம் எரிந்தது. மின்பொறியியல் படித்த நான், பள்ளிக் கட்டடத்தில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்காமலே மாட்டிவிட்டிருந்தேன். பழுது நீங்கி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணிப் படிக்க ஒரு புளியங்கொட்டைகூட அந்த வகுப்பில் இல்லை.

என் அம்மா அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அதிகம் திட்டவில்லை. "பலகை குடுத்தது நல்லதுதான் மக்களே. அலமாரிய எடுக்கச் சொன்னது யாருன்னுதான் கேக்கேன்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகுதான் இந்த விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

மணலும் ஓலையும்

நாஞ்சில் நாட்டுக்குப் பள்ளிக்கூடம் புதிதன்று. விளவங்கோடு பக்கத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் ஒரு சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு, 95 மாணவர்கள் தங்கி உண்டு படிப்பதற்கு ஏற்பாடு செய்ததைச் செப்பேடு சொல்கிறது. அம்மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். ஆனால் அது உயர்கல்வி. வேதம் கற்றவர்களுக்கானது.

ஊர்ப் பிள்ளைகள் படித்தது ஆசான் வீட்டுத் திண்ணையில். இன்றும் விஜயதசமியன்று நம் வீடுகளில் ஏடு தொடங்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அது அந்தத் திண்ணையின் மிச்சம்தான். பரப்பிய மணலில் பிள்ளை விரலால் எழுதும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். கணக்குக்கு எண்சுவடி. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று. இவற்றை மாலையில் கூட்டமாகச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அன்றாடம் வேண்டியிருந்ததால், படித்தது மறுநாளே களத்துமேட்டில் உதவிற்று.

வகுப்பில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை. அவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். சட்டம்பி சுவாமிகள் (1853–1924) என்று கேரளம் போற்றும் துறவிக்கு அப்பெயர் வந்ததே, பேட்டையில் ராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் சட்டம்பியாக இருந்ததால்தான்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோரும் ஏற முடியவில்லை. சாதி பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. மனனம் செய்யாத பிள்ளைக்குப் பிரம்படி. மணல் நல்ல கருவிதான். அதைத் தொட யாருக்கு உரிமை இருந்தது என்பது வேறு கேள்வி.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

இந்த மணல் கடல் கடந்த கதை சுவையானது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். (அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே சொன்னார்கள்.) தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள், "இது நடக்காது" என்று ஒதுங்கினார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கூப்பிட்டு, "நீ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு" என்றார். பையன் செய்து காட்டினான்.

பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு மணல் தட்டும் சட்டாம்பிள்ளையும் போய்ச் சேர்ந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே அழைக்கப்படுகிறது.

ஒரு பொறியாளனாக இதில் நான் கவனித்தது என்னவென்றால், பெல் மணலை மட்டும் கொண்டுபோகவில்லை. மணலோடு சேர்த்து, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆளையும் கொண்டுபோனார். பின்னால் வந்த பலர் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

லேஸ் பின்னிய விரல்கள்

நம் மாவட்டத்தில் பள்ளிக் கதவு எல்லோருக்கும் திறக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே 1809-இல் அங்கே பள்ளி தொடங்கினார். சார்லஸ் மீட் காலத்தில் அது நாகர்கோவிலுக்கு மாறி, பிற்பாடு ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அன்று நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

1821-இல் நாகர்கோவில் பெண்கள் விடுதிப் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். எழுத்தும் படிப்பும் ஒரு பக்கம், ஊசியும் நூலும் ஒரு பக்கம். அந்த வருமானத்தைக் கொண்டு சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

கைவேலை விடுவித்தது இங்கே. கைவேலை கட்டிப்போடும் என்ற அச்சம் எழுந்தது இன்னோர் இடத்தில். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பு போன்ற ஒரு தொழிலை மையமாக வைத்து, அதன் வழியாகவே கணக்கும் மொழியும் சமூகமும் கற்பது அதன் சாரம். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆனால் 1953-இல் ராஜாஜி சென்னை மாநிலத்தில் கொண்டுவந்த திட்டம் வேறு மாதிரி. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். அப்பன் தொழிலையே மகனும் செய்யவா என்று நாடு கொந்தளித்தது. 'குலக்கல்வி' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வராகி அதைக் கைவிட்டார். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தோம்.

'செய்து கற்றல்' என்று யாராவது சொன்னால் நம் பெற்றோரில் சிலர் இன்றும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். "பணக்காரப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர், எம் பிள்ளைக்குப் புளியங்கொட்டையா?" என்று எங்கள் ஊரில் ஒரு தாய் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் புளியங்கொட்டையைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது, பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியிலும் முதலில் மணிதான் என்பதே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் குழந்தை உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறது. மணிகளைக் கோத்துப் பத்தும் நூறும் எண்ணுகிறது. உப்புத்தாளில் தடவுவதும் நம் திண்ணை மணலில் எழுதுவதும் தூரத்துச் சொந்தம் இல்லை, அக்காள் தங்கைதான். இன்று பெருநகரங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் இதைத்தான் பெருமையோடு காட்டுகின்றன.

பீரோவுக்குள் பூட்டிய கல்வி

கருவிகளின் கதைக்கு வருவோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி போயிற்று. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நமக்குக் கூப்பிடு தூரத்துத் தும்பாவில் ராக்கெட் விட்ட விக்ரம் சாராபாயின் கனவு அது. அவர் காலமான பிறகே நிறைவேறியது. ஓராண்டு முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது. நேரடி ஒளிபரப்பும் அத்தோடு முடிந்தது.

1984-இல் பள்ளிகளில் கணினி அறிவுத் திட்டம் வந்தது, இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் இந்திய உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கின. 1987-இல் கரும்பலகைத் திட்டம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, விளையாட்டுச் சாமான். நல்ல திட்டம். நான் படித்த காலத்தில் அந்த அறிவியல் பெட்டி பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருந்தது. உள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பார்த்ததில்லை. உடைந்தால் ஆடிட்டில் கேட்பார்களே என்ற பயம் ஆசிரியருக்கு. அவரைக் குறை சொல்லவும் மனமில்லை. உடைந்தால் மாற்றித் தர ஒரு வழி வைக்காமல் கொடுத்த எந்தப் பொருளும் பீரோவுக்குள்தான் போகும்.

அட்டைகளின் காலம்

இனி என் அம்மாவின் காலம். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் ஏணிப்படி முறையில் அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே கற்கும் முறை உருவாகியிருந்தது. அதைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னின்று நடத்தினார். 2007-08-இல் அது மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது.

பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு துண்டுக் கரும்பலகை. கற்றல் ஏணியைப் பார்த்து, அணில் படமோ கிளிப் படமோ போட்ட தன் அட்டையைப் பிள்ளையே எடுத்து வரும். முடித்தால் அடுத்த படி. நாலு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அம்மாவுக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

"அப்பம் எல்லாம் நல்லாத்தான் நடந்துதாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க நல்லா நடந்து? முதல் வருஷம் நல்லா நடந்து. பொறவு அட்டை கிழிஞ்சிது, புது அட்டை வரல்ல. ஒரு ரூமுக்குள்ள நாலு கிளாஸ். எந்தப் பிள்ளை எந்தப் படியில நிக்குன்னு குறிக்கதுக்கே நேரம் சரியாப் போச்சு. கதை சொல்லுகதுக்கு நேரமில்ல. எனக்கு அதுதான் வருத்தம். ஆனா ஒண்ணு சொல்லுகேன், பயந்துக்கிட்டு ஒரு பிள்ளையும் ஸ்கூலுக்கு வரல்ல. அது பெரிய காரியம்."

ஓய்வு பெற்றபோது, கழித்துப் போட்ட பழைய அட்டைக் கட்டு ஒன்றை அம்மா கேட்டு வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பலகை எரிந்து கிடந்த மூன்று மாதத்தில் அந்தக் கட்டுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போயிற்று. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தார்கள்.

திரையின் காலம்

2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-இல். இடையில் இருந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலம், தொடக்கக் கல்வியைத் திரை மட்டும் சுமக்க முடியுமா என்பதற்கு யாரும் கேட்காமலே நடந்த சோதனை. கல்வித் தொலைக்காட்சி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பது உண்மை. அது மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. போதியிருந்தால் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்திராது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மலாட்டமும் கைச்செயலுமாக ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்திராது.

அதன் பிறகு 2024-இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும் பெருமளவில் வரத் தொடங்கின. வெளிநாட்டில் காற்று சற்று மாறி அடிக்கிறது. சுவீடன் 2023-இல் சிறு வகுப்புகளில் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்பப் பணம் ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை, தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையில் வகுப்பறைக்குள் வருகிறது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது.

இரண்டு சோதனைகள்

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளில், எழுத்தைத் தாமாகக் கையால் எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, விசைப்பலகையில் தட்டுவது என்று மூன்று விதமாகப் பழக்கினார்கள். பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்கு உதவும் பகுதிகள் விழித்துக்கொண்டது, தாமாகக் கோணல்மாணலாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். திண்ணை ஆசான் ஸ்கேன் பார்த்தவர் அல்லர். ஆனால் மணலில் விரலை வைக்கச் சொன்னார்.

இரண்டாவது சோதனை எங்கள் ஊரில் நடந்தது; ஆய்வு என்று சொல்லத் தகுதியில்லை. பலகை பழுது நீங்கி வந்த பிறகு, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு லிட்டர் என்றால் எத்தனை மில்லிலிட்டர் என்று வந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் ஆயிரத்தைத் தொட்டார்கள். கைதட்டல் சத்தம் வந்தது. நான் வெளியே போய் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு லிட்டர் பாட்டிலும், அரை லிட்டர் பாட்டிலும் கொண்டுவந்து, "சின்னதால ஊத்தினா பெரிசு ரொம்ப எத்தனை தடவை ஊத்தணும்?" என்று கேட்டேன். "பத்து", "அஞ்சு", "ஆயிரம்" என்று பதில்கள். ஒரு பெண் பிள்ளை எழுந்து ஊற்றினாள். பாதி தண்ணீர் என் பேன்ட்டில். "ரெண்டுதான் சார்! ரெண்டே ரெண்டு!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது. அப்புறம் திரையில் அதே கேள்வி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விளங்கிய அடையாளம் இருந்தது.

அதற்காகத் திரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதே வாரத்தில் ஆசிரியை 2017 ஒக்கிப் புயலின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் ஓடவிட்டார். கடலோரத்துச் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகள் சிலர் அங்கே உண்டு. அந்தப் புயலில் போனவர்களைப் பற்றி வீட்டில் கேட்டிருக்கிறார்கள். மேகம் சுழன்று குமரிமுனையைத் தொட்டுப் போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. எந்தப் புளியங்கொட்டையாலும் அதைக் காட்ட முடியாது.

எனக்குத் தெரிந்த கணக்கு இப்போது இதுதான். கைக்கு எட்டுவதைக் கையால் படிக்கட்டும். கைக்கு எட்டாததைத் திரை காட்டட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கைக்கு எட்டும். புயலின் கண் எட்டாது. இரண்டுக்கும் நடுவில் எது எப்போது என்று தீர்மானிப்பவர் ஆசிரியர். அவருக்கு நேரம் இல்லாவிட்டால் இரண்டுமே வீண்.

ஒரு வேண்டுகோள்

பேச்சிப்பாறையில் அணை கட்டி முடித்தது 1906-இல். அணையோடு நின்றிருந்தால் எங்கள் ஊர்க் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்காது. சானல் வெட்டினார்கள், மடை வைத்தார்கள், தூர்வாரினார்கள். பள்ளிக்குப் பொருள் கொடுப்பதும் அப்படித்தான் என்பதை ஒரு பலகையை எரித்துக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே சங்கப் பொறுப்பாளர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, திரைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தராசு, அளவுப் படிகள், மணிகள், உருப்பெருக்கிக் கண்ணாடி, கதைப் புத்தகம் ஆகியவற்றுக்கு ஒதுக்குவோம். உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம் என்று எழுதியே கொடுப்போம். இரண்டாவது, எந்தப் பள்ளியில் மின்கருவி வைத்தாலும் எர்த்தையும் வயரிங்கையும் நம்மில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பின்பே வைப்போம். நம் சங்கத்தில் மின்பொறியாளர்களுக்குப் பஞ்சமா என்ன? மூன்றாவது, எதையும் வாங்குமுன் அந்தப் பள்ளி ஆசிரியரிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம். நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பலகை இப்போது நன்றாக ஓடுகிறது. பக்கத்திலேயே ஒரு புது அலமாரி நிற்கிறது, பூட்டு இல்லாமல். தச்சுக்கூலி என் பொறுப்பு. உள்ளே அடுக்கியது அம்மா. சங்கக் கூட்டத்துக்கு வரும் நண்பர்கள் ஊர்ப்பக்கம் வந்தால் ஒருநாள் பள்ளிக்கு வாருங்கள். வரும்போது ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் நிறையத் தொலைத்துவிடுகிறார்கள்.